கோழித்தீன் இல்லை, அம்மா

ஜேர்மனியில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வீடியோ கோலில் தன் வீட்டு நிலக்கீழ் அறையைக் காட்டினார். 2022 செப்டெம்பர் கடைசி. சின்ன மரக் கதவு, அதில் கைப்பிடி அளவு கண்ணாடி. உள்ளே சுவர் பாதி வரைக்கும் மண்ணிறத்தில் ஏதோ குவிந்து கிடந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"என்ன தம்பி, கோழி வளர்க்கப் போறியா?"

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். பென்சில் தடிப்பில், விரல் கணு அளவில் துண்டு துண்டாக, உண்மையிலேயே கோழித்தீன் மாதிரித்தான் இருந்தது. மர ஆலையில் மிஞ்சும் தூளை அரைத்து, காயவைத்து, இயந்திரத்தில் அமத்தி எடுப்பதாம். பெயர் பெலட். ஐந்து தொன் வாங்கியிருக்கிறார். குளிர் முடியும் வரைக்கும் வீட்டைச் சூடாக்க அது போதும்.

"ஐஞ்சு தொன் விறகை வீட்டுக்குள்ளயே வச்சிருக்கிறியா?" என்று அம்மா கேட்ட தொனியில் சிரிப்பு இல்லை. ஏனென்றால் அந்த வருசம் நாங்களும் வீட்டுக்குள் விறகு வைத்துப் பார்த்திருந்தோம். அதனால் அம்மம்மாவை இழக்கப் பார்த்தோம்.

அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

எங்கட வீடு பாலையூற்றில். 2022இன் தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது ஒரு காஸ் அடுப்பும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்தான். விறகடுப்பை அம்மா எப்போதோ கைவிட்டிருந்தா. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தபோதே சிலிண்டரைத் தொடப் பயந்தோம். பிறகு பயப்படவே தேவை வரவில்லை, சிலிண்டர் கிடைத்தால்தானே. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயில் இருந்து 4,860க்குப் போனது. அந்த விலைக்கும் கடைவாசலில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு வரிசையில் வைத்துவிட்டுச் சனம் நாள்கணக்கில் காத்திருந்தது. மண்ணெண்ணெய்க்கு இன்னொரு வரிசை. அதில் எங்களோடு மீன்பிடிக்கிற ஆக்களும் நின்றார்கள், அவர்களின் படகு இயந்திரத்துக்கும் அதே எண்ணெய்தான். ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறியது.

நான் அப்போது ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் நின்றேன். வரிசை எனக்கென்றே எழுதிவைத்தது போல ஆகிவிட்டது. கையில் ஒரு கலன், தொப்பி, தண்ணீர்ப் போத்தல். ஒரு ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் பெரிய விசயம்.

இந்த இடத்தில் சீனக்குடாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. திருகோணமலைக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள், காட்டுக்குள் வட்ட வட்டமாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள். பிரிட்டிஷ்காரர் தங்கள் கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முந்தியே கட்டினவை. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் ஒரு தாங்கியில் விழுந்து, அது நாள்கணக்காக எரிந்தது. மிச்சம் 99 தாங்கிகள் இன்றைக்கும் நிற்கின்றன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் இந்தத் தாங்கிகள் வருகின்றன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2022 ஜனவரியில், அதாவது நாங்கள் வரிசைக்குப் போகத் தொடங்கின அதே காலத்தில், புது ஒப்பந்தம்: ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த ஒரு கம்பனிக்கு.

வரிசையில் நிற்கும்போது கணக்குப் போட்டேன். ஒரு தாங்கி என்பது ஒரு கோடியே 20 இலட்சம் லீற்றர். ஆளுக்கு ஐந்து லீற்றர்ப் படி 24 இலட்சம் பேருக்குக் கொடுக்கலாம். எங்கட மாவட்டத்தின் மொத்தச் சனமே நாலு இலட்சம் அளவில்தான். பக்கத்தில் நின்ற ஒரு ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, தாங்கி இருந்தாப் போதுமே? நெல்லில்லாத வீட்டில பத்தாயம் எவ்வளவு பெரிசா இருந்தென்ன?" என்றார். சரிதான். நாட்டிடம் டொலர் இல்லை. காட்டுக்குள் நிற்கும் தாங்கிகளில் மிகப் பெரும்பாலானவை பல காலமாக வெறுமை. ஆனாலும் அந்த வரிசையில் நின்றவளுக்கு இந்தக் கணக்கு ஆத்திரத்தைத் தந்தது, இன்றைக்கும் தருகிறது.

மே மாதத்தில் அப்பா முடிவெடுத்தார்: ஒரு லோட் விறகு எடுப்போம். அந்த நேரம் விறகும் பவுண் மாதிரி. வெட்டின ஈரம் காயாத மரம், ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டி நிறைய வந்து முற்றத்தில் கொட்டியது. வேம்பு, இபில் இபில், இன்னும் பெயர் தெரியாத ஏதேதோ. அதை எங்கே வைப்பது? முற்றத்தில் விட்டால் இரவோடு இரவாகக் கிளம்பிவிடும். பக்கத்துத் தெருவில் காய்ந்த தென்னம்மட்டையைக்கூட விடவில்லை. ஆகவே அப்பாவும் நானும் தம்பியும் சேர்ந்து பின்னறைக்குள் அடுக்கினோம். நிலத்தில் இருந்து கூரைக்குக் கிட்டவரை, சுவரோடு சுவராக. யன்னலைப் பூட்டினோம். மேலே ஒரு படங்கையும் இழுத்து மூடினோம். மூடினது என்னுடைய யோசனை. தூசி வராதே என்று நினைத்தேன்.

அம்மம்மா கட்டிலில் இருந்தபடி, "பச்சை விறகைப் பூட்டி வைக்காதேங்கோ, அது வேர்க்கும்" என்று ஒருமுறை சொன்னா. நாங்கள் கேட்கவில்லை. எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆள், எல்லாத்துக்கும் ஏதாவது சொல்லுவா.

புதிதாக வெட்டின மரத்தின் நிறையில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் அறைக்குள் அடுக்கினது ஒரு பெட்டி விறகு மட்டுமல்ல, பல நூறு லீற்றர் தண்ணீரும்கூட. மூன்று கிழமையில் அந்தத் தண்ணீர் வெளியே வரப் பார்த்தது. சுவர் வேர்த்தது. புளித்த மா மாதிரி ஒரு மணம். படங்கைத் தூக்கிப் பார்த்தபோது விறகெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. அடியில் கறையான். ஒரு மட்டத்தேள் என் காலடியால் ஓடியது. அந்த விறகை எரித்தால் நெருப்பு வராது, நுரையும் புகையும்தான். அடுப்பின் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே போய்விடும்.

பின்னறைக்கு அடுத்த அறைதான் அம்மம்மாவுடையது. இரண்டுக்கும் இடையில் உள்ள சுவர் மேலே கூரையைத் தொடாது. பழைய வீடுகளில் அப்படித்தான், காற்றுப் போகட்டும் என்று விடுவார்கள். அந்தக் காற்று பூஞ்சணத்தையும் கொண்டுபோனது.

அம்மம்மாவுக்கு முந்தியே தொய்வு இருந்தது. ஜூன் மாதம் ஒரு இரவு, ஒரு மணி இருக்கும், அம்மா என்னைத் தட்டி எழுப்பினா. அம்மம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தா. மூச்சு இழுக்கிற சத்தம் வெளித் திண்ணைக்குக் கேட்டது. உதடு நிறம் மாறியிருந்தது. வழமையாக வரும் ஓட்டோக்காரருக்கு எடுத்தோம். "தங்கச்சி, டாங்க் காய்ஞ்சு மூண்டு நாள்" என்றார். இன்னொருவர் போன் எடுக்கவேயில்லை. கடைசியில் முன்வீட்டு அண்ணா, ஒரு சோடாப் போத்தலில் ஒளித்து வைத்திருந்த பெற்றோலை மோட்டார் சைக்கிளில் ஊற்றினார். முக்கால் போத்தல் இருக்கும். அம்மம்மாவை நடுவில் வைத்து, அம்மா பின்னால் இருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு போனா. நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு லைட் வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தேன்.

நாலு நாளில் அம்மம்மா திரும்பி வந்தா. "வீட்டுக்குள்ள பூஞ்சணம் ஏதும் இருக்கா?" என்று டொக்டர் கேட்டதாக அம்மா சொன்னபோது நான் நிலத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாளே எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். இந்தமுறை அம்மம்மா கதிரையை முற்றத்தில் போட்டு இருந்து சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். முதலில் நிலத்தில் இரண்டு தென்னங்குற்றிகளை வைத்து, விறகு மண்ணைத் தொடாமல் தூக்க வேண்டும். தடித்த குற்றியைப் பிளக்காமல் அடுக்கக்கூடாது, பட்டையோடு இருக்கும் உருண்டை மரம் உள்ளே காயாது. ஒரு வரி நெடுக்கு, ஒரு வரி குறுக்கு. இரண்டு விறகுக்கு இடையில் எலி போக வேண்டும், பூனை போகக்கூடாது. (இது அம்மம்மாவின் அளவுகோல். இதைவிடத் துல்லியமாக எங்கும் படிக்கவில்லை.) மேலே தகரம், பக்கங்களில் ஒன்றும் இல்லை. முக்கியமாக, அடுக்கின் அகலப் பக்கம் கச்சானுக்கு முகம் கொடுக்க வேண்டும்.

கச்சான் தெரியாதவர்களுக்கு: வைகாசியில் இருந்து ஆவணி வரைக்கும் மேற்கில் இருந்து அடிக்கிற வறண்ட காற்று. எங்கட பக்கம் அந்த மாதங்களில் உதடு வெடிக்கும், கண் எரியும், எல்லாரும் ஏசுவோம். ஆனால் விறகுக்கு அதுதான் தாய். கச்சானில் காய்ந்ததை மாரிக்கு எடுத்து வைக்கிறது என்பது அம்மம்மா காலத்துக் குசினிக் கலண்டர். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். நாளைக்கு எரிக்கிற விறகு இன்றைய அடுப்பின் சூட்டில் பரணில் காயும். பன்னாடை, ஊமல், சிரட்டை, பொச்சு மட்டை ஒவ்வொன்றுக்கும் வேறு மூலை. பற்றவைக்க எது, சோறு வேக எது, கடைசியில் தணலுக்கு எது என்று பிரித்து வைப்பார்கள். போர்க் காலத்தில் காட்டுக்கு விறகெடுக்கப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை என்பதால் இருக்கிறதைப் பாதுகாக்கிறது ஒரு படிப்பாகவே இருந்தது என்று அம்மம்மா சொன்னா. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை கடைசியில் விறகு தட்டினால் "டங்" என்று சத்தம் வந்தது. முந்தி "தொப்" என்றது. அனகி அடுப்பு ஒன்று வாங்கிக் குசினிக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்தோம். அதில் காய்ந்த விறகு எரிந்தபோது புகையே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அம்மம்மா பக்கத்தில் இருந்து கதை சொல்லும் அளவுக்கு இருந்தது.

இப்போது திரும்பவும் ஜேர்மனி அண்ணாவிடம் வருகிறேன்.

அவர் வழமையாகப் பெலட்டை வெயில் காலத்தில் வாங்கிவிடுவாராம், அப்போதுதான் விலை குறைவு. அந்த வருசம் உக்ரேன் போர். ரஷ்யக் காஸ் நிற்கப் போகிறது என்ற பயத்தில் எல்லாரும் பெலட்டைத் தேடினார்கள். முந்தின வருசம் தொன் 250 யூரோ வரைக்கும் இருந்தது, அந்தச் செப்டெம்பரில் 700ஐத் தாண்டியது. விலை இறங்கும் என்று காத்திருந்து, கடைசியில் அவரும் மிகக் கூடின விலையிலேயே வாங்கினார். காஸ் வரிசை பற்றி நாங்கள் சொல்லும்போது முந்தி "ஐயோ பாவம்" என்பார். அந்த வருசம் "எனக்கும் அப்பிடித்தான்" என்றார். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

பெலட் வந்து இறங்கும் விதத்தை அவர் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். பவுசர் மாதிரி ஒரு லொறி தெருவில் நிற்கும். தடித்த குழாயை வீட்டுச் சுவரில் உள்ள வாயில் மாட்டிக் காற்றால் உள்ளே ஊதுவார்கள். இன்னொரு குழாய் தூசியை உறிஞ்சி எடுக்கும். உள்ளே எதிர்ச்சுவருக்கு முன்னால் ஒரு றப்பர்ப் பாய் தொங்கும், வேகமாக வந்து மோதும் பெலட் உடைந்து தூளாகாமல் இருக்க. அறையின் அடித்தளம் இரண்டு பக்கமும் சரிவு. பெலட் தானாகச் சரிந்து நடுவில் உள்ள திருகு வாய்க்காலில் விழும், அது சுழன்று சுழன்று அடுப்புக்குக் கொண்டுபோகும். பெலட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து மரத்தூள் கூழாகிவிடும், நிறையப் பட்டால் சுவரையே தள்ளுமாம். "அதாலதான் காத்துப் போகாத மாதிரி இறுக்கிப் பூட்டி வச்சிருக்கிறன்" என்று பெருமையாகச் சொன்னார். காற்று வாய்களுக்குப் பழந்துணி அடைத்திருந்தார்.

நிரப்பி இரண்டாம் நாள் அந்தத் திருகு இறுகிவிட்டது. அடுப்பு நின்றுவிட்டது. எங்களோடு கதைத்துக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார்: "உள்ளுக்கு இறங்கி சவளால கிண்டி விட்டாச் சரி. இப்ப போகப்போறன், பிறகு எடுக்கிறன் சித்தி."

வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழும்பி வந்து போனைப் பறித்தார். அப்பா அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

"தம்பி, உள்ளுக்கு இறங்காத. கதவைத் திறந்து விட்டுட்டு மேல ஏறி வா."

"ஏன் சித்தப்பா? வெறும் மரத்தூள்தானே."

"மரமோ கோதுமையோ, பூட்டின இடத்தில நிறையக் கிடந்தா அங்க இருக்கிற காத்து நீ நினைக்கிற காத்தில்ல. ஏறி வா எண்டுறன்."

அப்பா துறைமுகத்தில் இருபத்தேழு வருசம் சுமை இறக்கின ஆள். சீனக்குடாவில் உள்ள பிரிமா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல்கள் வரும், வேறு சரக்குகளும் வரும். கப்பலின் அடித்தளத்துக்குள் மூடியைத் திறந்த உடனே ஒருவரும் இறங்கக்கூடாது என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படித்த பாடம். காற்றுப் போக விட வேண்டும், அளந்து பார்க்க வேண்டும், மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும், கீழே ஒருவன் விழுந்தால் மற்றவன் பின்னால் குதிக்கக்கூடாது. இந்தக் கடைசிதான் மிகக் கஷ்டம் என்பார்.

அண்ணா ஏறி வந்தார். பிறகு கதவில் முன்பே ஒட்டியிருந்த மஞ்சள் எச்சரிக்கையை முதல்முறையாக வாசித்தார். வீடு வாங்கின நாளில் இருந்து அது அங்கேதான் இருந்ததாம். அடுப்புத் திருத்துகிறவர் அடுத்த நாள் வந்து அறைக்குள் மீற்றரை நீட்டினபோது அது சத்தம் போட்டதாம், காபன் மொனொக்சைட்டு. மணம் இல்லை, நிறம் இல்லை. அந்த ஆள் முதலில் செய்த வேலை அண்ணா அடைத்த துணிகளைப் பிடுங்கி எறிந்ததுதான்.

எனக்கு இது விளங்கவில்லை. ஒன்றும் எரியாமல் எப்படி அந்த வாயு வரும்? தேடிப் படித்தேன். மரத்தில், விசேஷமாக பைன் போன்ற மரங்களில், எண்ணெய்த் தன்மையுள்ள அமிலங்கள் உண்டு. மரத்தை மாவாக அரைத்து அமத்தும்போது அவை காற்றுக்கு வெளிப்படுகின்றன. அதற்குப் பிறகு நெருப்பே இல்லாமல் ஒட்சிசனோடு மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்போது ஒட்சிசன் குறையும், காபன் மொனொக்சைட்டு கூடும். புதிதாக நிரப்பின முதல் சில கிழமைகளில்தான் மோசம். 2006 நவம்பரில் சுவீடனில் ஹெல்சிங்போர்க் துறைமுகத்துக்குக் கனடாவில் இருந்து பெலட் ஏற்றிவந்த கப்பலில், சரக்கறைக்குள்கூட இல்லை, அதற்குப் பக்கத்தில் உள்ள படிக்கட்டில் இறங்கின ஒரு மாலுமி இறந்தார். ஒரு துறைமுகத் தொழிலாளி கடுமையாகப் பாதிக்கப்பட்டார். காப்பாற்றப் போனவர்களையும் அந்த வாயு தாக்கியது.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "படிக்கட்டு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணாவிடம் இருந்தது எங்களைவிடப் பல மடங்கு நல்ல சாமான். காய்ந்தது, அளந்தது, சான்றிதழ் உள்ளது. அவருடைய பிழையும் என்னுடைய பிழையும் ஒன்றுதான்: இரண்டு பேரும் பயத்தில் பூட்டினோம். எனக்குக் கள்ளன் பயம், அவருக்கு ஈரப் பயம். அவர் வீட்டுக் கதவில் மஞ்சள் எச்சரிக்கை இருந்தது, எங்கள் வீட்டில் அம்மம்மா இருந்தா. இரண்டையும் நாங்கள் வாசிக்கவில்லை.

எங்கட ஊரிலும் இப்போது விறகு பெரிய அளவில் எரிகிறது. டோக்கியோ சிமெந்து ஆலை தன் மின்சாரத்துக்காகக் கிளிசிரிடியாக் கொப்புகளையும் உமியையும் எரிக்கிறது. வேலிக்கு நடும் அதே சீமைக்கிளுவைதான். அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கம் 2005இல் அறிவித்தது. லொறியில் அந்தக் கொப்புகள் போகும்போது தம்பி எட்டிப் பார்த்து, "பச்சையாப் போகுது" என்பான். அவனுக்கு இப்போது விறகைக் கண்டால் ஈரம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

காஸ் திரும்ப வந்து கனகாலம். குசினியில் நீல நெருப்புத்தான் எரிகிறது. ஆனால் அம்மா கொட்டிலை வெறுமையாக விடுவதில்லை. ஒவ்வொரு வைகாசியிலும் அரைப் பெட்டி விறகு வரும். பின்னறை இப்போது என் படிப்பறை, சுவரில் அந்த வேர்வைக் கறை இன்னும் இருக்கிறது, மேலே சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. யன்னலைத் திறந்தால் கொட்டில் தெரியும். போன கிழமை அம்மம்மா தடியை ஊன்றிக்கொண்டு போய் அடுக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தா.

"ஆர் அடுக்கினது?"

"நான்தான் அம்மம்மா."

"பூனை போகும்" என்றுவிட்டு உள்ளே போனா.